பழைய மேனேஜரின் நம்பர்

"உங்க பழைய மேனேஜர் நம்பர் இதுதானே? அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிடறேன்" என்றார் அதிகாரி, விண்ணப்பத்தைப் புரட்டியபடி.

எதிரே இருந்தவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். அப்படி ஒரு மேனேஜர் உலகத்திலேயே கிடையாது. அந்த நம்பருக்கான போன் அவள் மடியிலிருந்த கைப்பைக்குள் கிடந்தது.

"இப்பவேவா சார்? அவர்... மீட்டிங்ல இருப்பார்."

"சரி, கொஞ்சம் கழிச்சுப் பேசலாம். ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

வேர்க்காமல் என்ன செய்யும்? அவள் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையில் தற்காலிக ஆய்வு உதவியாளர். பிள்ளை வளர்க்கச் சில வருஷம் வீட்டிலிருந்த பெண்களைக் கம்பெனிகள் ஒதுக்குகின்றனவா என்பது ஆராய்ச்சி. இல்லாத பெண்களின் பெயரில், வேலையில் இடைவெளி விட்டதாகவும் விடாததாகவும் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை அனுப்பி, யாருக்கு அழைப்பு வருகிறது என்று பார்க்க வேண்டும். அழைப்பு வந்தால், வேறு வேலை கிடைத்துவிட்டது என்று மறுத்துவிட வேண்டும். அது பேராசிரியையின் கண்டிப்பான உத்தரவு.

அவள் மறுக்கவில்லை. அந்த இல்லாத பெண்களில் ஒருத்தியாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. எட்டு வருஷம் வீட்டிலிருந்த அவளுடைய சொந்த விண்ணப்பத்தை எந்தக் கம்பெனியும் சீந்தவில்லை. ஒரு நாள்கூட இடைவெளி விடாத இந்தப் பொய்க்காரிக்கு மட்டும் உடனே அழைப்பு! நேரில் பார்த்துப் பிடித்துப்போனால் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஓர் அசட்டுத் தைரியம். அது வாசலோடு போய்விட்டது. பேராசிரியைக்குத் தெரிந்தால் அனுபவச் சான்றிதழும் கிடைக்காது.

"உங்களுக்குக் கீழ எத்தனை பேர் வேலை பார்த்தாங்க?"

"பன்... பன்னிரண்டு பேர் சார்."

வீட்டில் இருந்ததோ இரண்டு பிள்ளைகளும் ஒரு மாமியாரும். மாமியாரைத் தனக்குக் கீழே என்று கனவில்கூடச் சொல்ல முடியாது.

அதிகாரிக்குப் பக்கத்திலிருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எதையோ குறித்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் அப்படித்தான் செய்தாள். எல்லாமே புத்தம் புது மேஜை நாற்காலிகள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத நாற்காலி, இவள் அசையும்போதெல்லாம் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தது.

"நடுவுல எங்கேயும் இடைவெளி இல்லையே?"

"இல்ல சார்."

மறுபடியும் கடிகாரம். மறுபடியும் நோட்டு.

"மீட்டிங் முடிஞ்சிருக்கும்" என்று அதிகாரி நம்பரை அழுத்தினார்.

போனை அணைத்து வைத்தோமா? நினைத்துப் பார்ப்பதற்குள் அவள் மடியில் பழைய மேனேஜர் மணியடித்தார். கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். சத்தம் அடங்கவில்லை. அதிகாரி தன் போனையும் அவள் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆராய்ச்சி, போலி விண்ணப்பம், எட்டு வருஷம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "நான் செஞ்சது தப்புதான். ஆனா எனக்கு நெஜமாவே வேலை வேணும் சார். ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க."

அதிகாரியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. பக்கத்திலிருந்த பெண் பேனாவை மூடிவிட்டாள்.

"ஏதாவது சொல்லுங்க சார், பயமா இருக்கு."

அவர் கழுத்து டையைத் தளர்த்தினார்.

"என்னத்தைச் சொல்றது மேடம்? இங்க கம்பெனியும் இல்ல, வேலையும் இல்ல. நேர்காணல்ல ஜனங்க எவ்வளவு பொய் சொல்றாங்கன்னு ஆராய்ச்சி பண்ற இன்னொரு பல்கலைக்கழகத்து ஆளுங்க நாங்க" என்றவர், நோட்டுக்காரிக்குக் கேட்காதபடி முன்னால் குனிந்தார். "எனக்கும் இந்த மாசக் கடைசியோட ஒப்பந்தம் முடியுது... உங்க துறையில ஏதாவது வேலை காலியா இருக்கா?"