புத்தகத்தில் இருப்பவர்

ஏலக்காரர் தடித்த புத்தகத்தைக் குனிந்து பார்த்து, "இருபதாயிரம்" என்று தொடங்கியதுமே கடைசி வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது.

கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவர்கூடக் கையைத் தூக்கவில்லை.

அவர் தன் எண் அட்டையைத் தூக்கினார். இருபத்திரண்டு.

புத்தகத்தில் இருபத்துநான்கு என்றார் ஏலக்காரர்.

நேரில் வராதவர்கள் எதுவரைக்கும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். அது அந்தப் புத்தகத்தில் ஏறும். அவர்களுக்காக ஏலக்காரரே கேட்டுக்கொண்டு போவார். அப்படி ஒருவர் நிஜமாகவே இருக்கிறாரா இல்லையா என்று யார் போய்ப் பார்த்தது?

மருந்துக்கடைக்காரர் எந்த நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் கல்லாவில் போடாதவர். தன் கல்யாண மோதிரத்தையே இரண்டு கடைகளில் கொடுத்து உரசிப் பார்த்தவர்.

இதே இடத்துக்கு மூன்று முறை உறையில் தொகை எழுதி அனுப்பியிருக்கிறார். மூன்று முறையும் அவர் எழுதிய தொகைக்கே, ஒரு காசு குறையாமல், நாணயம் வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் விலையை ஏற்றுகிறார்கள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அதனால் இந்த முறை மனைவியின் தம்பி பெயரில் உறை எழுதி, அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி அவனிடமே கொடுத்திருந்தார். என் முகம் அங்கே தெரிந்த முகம், நான் வரவே மாட்டேன் என்று அவனிடம் சொல்லியிருந்தார். தொகையையும் சொல்லி, உன் அக்கா காதில் போட்டுவிடாதே என்றிருந்தார்.

சரி அத்தான், சரி அத்தான் என்று தலையாட்டினான்.

மனசு கேட்காமல் இன்று காலை அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், உறை ஒட்டியது ஒட்டியபடி ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. அவன் குளித்துக்கொண்டிருந்தான். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நூறு சாக்கு வரும். உறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டார்.

முப்பது. புத்தகத்தில் முப்பத்திரண்டு.

மேசைமேல் கறுப்புத் துணியில் இருந்தது அந்த அரைக் கிரவுன், பழைய இங்கிலாந்து வெள்ளிக்காசு. ஏழாம் எட்வர்டு தலை, 1905. அந்த ராஜா தலை போட்டு ஒன்பது வருஷம் அரைக் கிரவுன் அடித்தார்கள். வீட்டுப் பெட்டியில் பச்சை வெல்வெட்டில் ஒன்பது குழிகள். நான்காவது குழி மட்டும் பதினோரு வருஷமாகக் காலி.

குறைவாக அடித்த வருஷம் என்பதால் போலிகளும் உண்டு. ஏலத்துக்கு முன் லென்ஸை வைத்து வருஷத்தின் கடைசி ஐந்தை மட்டும் மூன்று தடவை பார்த்தார். அசல் ஐந்துதான்.

கையில் இருந்தது ஒரு லட்சம். ஒழுகுகிற மாடியறைக் கூரைக்குக் கொத்தனார் எண்பது கேட்டிருந்தார். இருபதுக்குக் கிடைத்தால் வாங்குங்கள், ஒரு காசு கூடினாலும் வேண்டாம் என்று மனைவி சொல்லியிருந்தாள். அவருடைய நாணயப் பைத்தியத்துக்கு அவள் வைத்த பெயர் சொந்தக் காசில் சூனியம்.

நாற்பதைத் தாண்டியபோது, கூரையில் பாதியை மட்டும் இப்போது பார்க்கலாம் என்று நினைத்தார்.

ஐம்பதைத் தாண்டியபோது, பிளாஸ்டிக் ஷீட் போட்டால் ஒரு மழைக்காலம் ஓடிவிடும் என்று தோன்றியது.

அறுபத்தாறு. புத்தகத்தில் அறுபத்தெட்டு.

நாற்பது பேரும் கழுத்தைத் திருப்பி அவரை வேடிக்கை பார்த்தார்கள். இவர்களில் ஒருவருக்கும் வேண்டாத நாணயத்துக்குப் புத்தகத்தில் மட்டும் யாருக்கு இவ்வளவு ஆசை? ஆள் இருந்தால்தானே.

எழுபத்தெட்டு.

புத்தகத்தில் எண்பது.

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. உறைக்குள் அவர் எழுதியிருந்ததும் அதே எண்பதுதான். உறை இங்கே பத்திரமாக இருக்க, தொகை மட்டும் எப்படி அங்கே போனது? மச்சானே விற்றுவிட்டானா?

வாளி வைத்து வைத்து எடுக்கும் மனைவியின் முகம் ஒரு கணம் வந்து போனது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் இல்லாத ஆளிடம் தோற்க அவருக்கு மனசு வரவில்லை.

எண்பத்திரண்டு.

ஏலக்காரர் புத்தகத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். சுத்தியல் விழுந்தது.

பணம் கட்டும் இடத்தில் நாணயத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்தபோது சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான்காவது குழி நிறையப்போகிறது. அதோடு, இந்தத் திருட்டுக் கூட்டத்தையும் ஒரு தடவையாவது ஜெயித்தாயிற்று.

ரசீது எழுதிய பெண்ணிடம் குனிந்து, "புத்தகத்துல இருந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரியும்மா" என்றார்.

அவள் தலையைக் குனிந்தபடி ரசீதில் முத்திரை குத்தினாள். குற்றமுள்ள நெஞ்சு என்று எண்ணிக்கொண்டார்.

ஏலக் கூடத்துக்காக அணைத்து வைத்திருந்த செல்போனை உயிர்ப்பித்ததும் மணி அடித்தது. மனைவியின் தம்பி.

"அத்தான், உறையெல்லாம் எதுக்குன்னு அன்னிக்கே போன் பண்ணி என் பேர்ல எண்பது வரைக்கும் எழுத வச்சுட்டேன். வேற யாரும் எழுதவே இல்லையாம், இருபதுலயே முடிஞ்சிரும்னு சொன்னாங்க. நல்லவேளை, நீங்க நேர்ல போகல."

மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த எண் அட்டையை மெதுவாக மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.