அசையாத விடை

கணினித் திரையில் மறுபடியும் ஒன்று.

அழியும் நிகழ்தகவு ஒன்று என்றால் பேச்சுக்கே இடமில்லை. இந்த நத்தை இனம் அழிந்தே தீரும். மிச்சமிருப்பது ஒரே ஒரு நத்தை. பக்கத்து அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், நிம்மதியாக இலை தின்றுகொண்டிருக்கிறது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலைக் குறைத்துப் பார்த்தாள். மழையைக் கூட்டிப் பார்த்தாள். நத்தையைத் தின்னும் எலிகளை ஒன்று விடாமல் கணினிக்குள்ளேயே கொன்று போட்டாள். எத்தனை முறை ஓடவிட்டும் விடை இம்மியும் அசையவில்லை.

"என்ன ஜோசியக்காரி, இன்னும் எத்தனை தடவை சோழி உருட்டப் போற?" இயக்குநர் கதவில் சாய்ந்து நின்றார். "நாளைக்குக் காலையில மியூசியத்துக்காரங்க ஸ்பிரிட் பாட்டிலோட வந்துடுவாங்க. அதுவா செத்துச்சுன்னா உடம்பு கெட்டுடும், உயிரோட போட்டாத்தான் பதமா இருக்கும். இனம் அழிஞ்சுடும்னு கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போம்மா."

அவர் போனதும் திரையை முறைத்தாள்.

மழை, வெயில், எலி எது மாறினாலும் மாறாத விடை என்ன விடை? யாரோ முன்கூட்டியே எழுதி வைத்த தீர்ப்பு மாதிரியல்லவா இருக்கிறது.

நிரலுக்குள் வரி வரியாக இறங்கினாள். அகப்பட்டது.

ஜோடி இல்லையென்றால் முட்டை பூஜ்யம்.

அவளே எழுதிய வரிதான். போன வருஷம் ஒரு பறவைக்குப் போட்ட கணக்கை அப்படியே தூக்கி வந்து, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாள்.

இது பறவையா? ஒரே உடம்பில் ஆணும் பெண்ணுமாக இருக்கும் நத்தை. துணை கிடைக்காவிட்டால் தனியாகவே முட்டையிடும் வகை. அவள் இங்கே வேலைக்கு வந்த முதல் வாரமே சொன்னார்கள். காதில் வாங்கினாள், கணக்கில் வாங்கவில்லை.

தலையில் அடித்துக்கொண்டு அந்த வரியை அழித்தாள். ஓடவிட்டாள்.

விடை அசைந்தது. ஒன்றிலிருந்து இம்மியளவுதான் இறங்கியது. பாட்டிலைத் திருப்பி அனுப்ப அது போதும்.

பக்கத்து அறைக்கு ஓடினாள். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நத்தைப் பெட்டி மண்ணுல வெள்ளையா, கடுகு கடுகா முட்டை மாதிரி எதாச்சும் பாத்தீங்களா?"

"முட்டையா? அது பூஞ்சைம்மா. வாராவாரம் வந்துடுது சனியன்," என்றார். "நான் விடுவேனா? மண்ணைக் கொட்டிட்டு வெந்நீர் ஊத்திக் கழுவிடுவேன். நாளைக்கு ஆளுங்க வர்றாங்களேன்னு இன்னைக்கு ரெண்டு தடவை. வேணும்னா வந்து பாரு, ஒரு பொட்டு மிச்சம் இருக்காது."