வீங்கிய கன்னம்

நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண்ணின் இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. "என்ன கண்ணு ஆச்சு?" என்று பார்லர்க்காரி கேட்டதற்கு அவள் வாயைத் திறக்கவில்லை. முடியைப் பிடித்து, தோள்வரை வெட்டினால் போதும் என்று விரலால் காட்டினாள்.

பக்கத்து நாற்காலியிலிருந்த பெண் அதிகாரியின் பார்வை அந்தக் கன்னத்திலேயே நின்றது. காலி மனையெல்லாம் கடையாக மாறிக்கொண்டிருந்த ஊர் அது. கடைக்காரர்களின் குறைகளைக் கேட்கவும், புதுத் திட்டங்களை எடுத்துச் சொல்லவும் மாநகராட்சி அவளை நியமித்திருந்தது.

"வீட்ல அடி வாங்குறவங்க போலீசுக்குப் போக மாட்டாங்க அக்கா. ஆனா முடி வெட்ட வருவாங்க. உங்க கண்ணுல பட்டா எங்களுக்கு ஒரு போன் அடிங்க, போதும்" என்று அதிகாரி உதவி எண் அச்சடித்த ஒரு ஸ்டிக்கரை நீட்டினாள்.

"தெரு லைட்டு கேட்டு நாயா அலைஞ்சேன். ஸ்டிக்கர் வந்திருக்கு!" பார்லர்க்காரி சிரித்தபடி வாங்கி, நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினாள்.

அதிகாரி வீங்கிய கன்னத்துக்காரியின் பக்கம் குனிந்தாள். "பயப்படாதேம்மா. வீட்டுக்காரரா அடிச்சது?"

அந்தப் பெண் மிரண்டுபோய் வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"முதல்ல இல்லைன்னுதான் சொல்லத் தோணும்" என்றாள் அதிகாரி.

வாசல் கதவின் கண்ணாடியில் ஓர் ஆளின் நிழல் விழுந்தது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

அடுத்த நொடி கதவுக் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. சில்லுகளை மிதித்துக்கொண்டு இரும்புக் கம்பியோடு ஒருவன் உள்ளே வந்தான்.

"வெளிய வாடி!"

வீங்கிய கன்னத்துக்காரி போர்த்திய துணியோடு எழுந்து பின்னறைக்குள் ஓடினாள். பார்லர்க்காரி அந்தக் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றாள். "அந்தப் பொண்ணு மேல கைய வச்சே, கொன்னுடுவேன்!"

அதிகாரி எழுந்து நடுவில் வந்தாள். "கடையை ஒண்ணும் பண்ணாதீங்க. இவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. வெளியில போய்ப் பேசிக்கலாம்."

"ஊருக்கெல்லாம் புத்தி சொல்லக் கிளம்பிட்டியா? குடும்பத்தைப் பிரிக்கத்தானே உனக்குச் சம்பளம்!"

கம்பி அவள் தோளில் இறங்கியது. இரண்டாவது வீச்சில் நிலைக்கண்ணாடி நொறுங்கி, ஷாம்பு பாட்டில்கள் தரையெங்கும் உருண்டன. அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, தலை அலசும் தொட்டியின் விளிம்பில் மோதினான். வெள்ளைத் தொட்டியில் ரத்தம் கோடாக வழிந்தது.

அவள் கத்தவே இல்லை. கீழே சரிந்து, முழங்கால்களை மடக்கி, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். அவன் விலாவில் உதைத்தான். மறுபடியும் உதைத்தான்.

பார்லர்க்காரி பின்னறைக் கதவை விட்டுப் பாய்ந்தாள். கொதித்துக்கொண்டிருந்த வாக்ஸ் சட்டியைத் தூக்கி அவன் கைமேல் கவிழ்த்தாள். தோலோடு ஒட்டிய மெழுகைப் பிய்க்கத் தெரியாமல் அவன் ஊளையிட்டான். கம்பி கீழே விழுந்தது. அவள் முக்காலியை எடுத்து அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டாள்.

சத்தம் கேட்டு டயர் கடைக்காரர் ஆட்களோடு ஓடிவந்தார். நாலு பேர் அவனைக் குப்புறத் தள்ளிக் கையை முறுக்கினார்கள்.

"என் பொண்டாட்டிய நான் என்ன வேணா பண்ணுவேன்! கேக்க நீங்க யாருடா?"

எல்லோருடைய கண்களும் பின்னறைக் கதவுக்குப் போயின. "பொண்டாட்டின்னா எழுதியா குடுத்திருக்கு?" என்று டயர் கடைக்காரர் அவன் முதுகில் ஒரு மிதி மிதித்தார்.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டச் சொல்லிவிட்டுப் பார்லர்க்காரியிடம் திரும்பினார். "கடையை உடைச்சதுக்கு நீங்க கம்ப்ளெயின்ட் குடுங்க. ஆனா இவன் சீக்கிரம் வெளிய வராம இருக்கணும்னா, பொண்டாட்டி வாயைத் திறக்கணும்."

பார்லர்க்காரி தாழ்ப்பாளை நீக்கி, அந்தப் பெண்ணை அணைத்தபடி வெளியே கூட்டி வந்தாள். "சொல்லு கண்ணு. நாங்கல்லாம் இருக்கோம்ல?"

அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"இப்படிப் பேசாம இருந்து இருந்துதான் இவன் இந்த அளவுக்கு வந்திருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சுவரோரம் சாய்ந்திருந்த அதிகாரி நெற்றியில் துண்டை அழுத்தியபடி முனகினாள். "அந்தப் பொண்ணை விட்டுடுங்க சார்."

வீங்கிய கன்னத்துக்காரி வாய்க்குள் விரலைவிட்டு, ரத்தம் தோய்ந்த பஞ்சை வெளியே எடுத்தாள்.

"பல்லு பிடுங்கிட்டு நேரா வந்தேங்க" என்று குழறினாள். "ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நாளைக்கு இன்டர்வியூ, அதான் முடி வெட்ட வந்தேன். எனக்குக் கல்யாணமே ஆகலை. இந்தாளு யாருன்னே தெரியாது."

இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டியவனைத் திரும்பிப் பார்த்தார். தரையில் கிடந்தவன் இளித்தான். "கேட்டுப் பாருங்க. அவ சொல்லவே மாட்டா."

அதிகாரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எழுதிக்குங்க சார். இவன் என் புருஷன்."