வெட்டின பெயர்

ஓர் அச்சுக்கடை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றும் பிளாஸ்டிக் குவளை ஒன்றும் இருந்தன. ஒரு ஜவுளிக்கடை தீபாவளிக்கு இலவசமாகக் கொடுக்கவிருந்த பொருள்களின் மாதிரிகள் அவை. அந்தக் கடையை நடத்திய மாசிலாமணி, திருமேனி என்ற அண்ணன் தம்பி பெயர்கள் டம்ளரில் ஆழமாக வெட்டப்பட்டிருந்தன. குவளையில் வெறும் ஸ்டிக்கர்தான்.

"ஏண்டி, ஒரு வெந்நீருக்குத் தாங்குவியா நீ?" என்று டம்ளர் கேலி செய்யும்.

"தாங்க மாட்டேன்தான்க்கா" என்று குவளை சிரிக்கும்.

தீபாவளிக்கு முன்பே சகோதரர்கள் பாகம் பிரிந்துவிட்டார்கள். அண்ணன் வந்து, தம்பி பெயரை எடுக்கச் சொன்னார். குவளை வெந்நீரில் முங்கி எழுந்து புதுப்பெயர் ஒட்டிக்கொண்டது. டம்ளரை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார்கள். பளபளப்புத்தான் போனது.

"அந்தப் பேரை விட்டுடேன்க்கா!" என்று குவளை கெஞ்சியது.

"முடியலடி. ஆழமா வெட்டிட்டாங்க."

"எடைக்குப் போட்டுடுங்க" என்றார் அண்ணன், டம்ளரைப் பார்க்காமலே.

பழைய இரும்புக்காரர் அதைச் சாக்கில் போடுமுன் வாய்விட்டுப் படித்தார்.

"மாசிலாமணி, திருமேனி. அண்ணன் தம்பியோ?"

"உருக்குற வரைக்கும்" என்றது டம்ளர். அவருக்குக் கேட்கவில்லை.