மூணு வாட்டு சம்பந்தம்

"மொதல்ல சின்னத காட்டுங்க. பெரிச அப்புறம் பாப்போம்," என்றார் பூமாலை.

நாராயணசாமி தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அம்சவள்ளி அவசர அவசரமாகப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கணவர் பூமாலையின் காதருகே குனிந்தாள். "இன்னாங்க, ரெண்டு புள்ளைங்களா? ஒண்ணுன்னுதான சொன்னீங்க?"

வந்தது பிள்ளை இல்லை, பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வு வைத்த மூன்று வாட்டு ஆம்ப்ளிஃபயர். பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் ஏந்தி வந்து மேஜைமேல் வைத்தார் நாராயணசாமி. அம்சவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள்.

சங்கராபுரத்திலிருந்து கரியாலூருக்கு அவர்கள் மலையேறி வந்தது பெற்ற ஒரே பிள்ளையான மகள் மணிமொழிக்குச் சம்பந்தம் பேச. இதுவரை வந்த நல்ல இடங்களையெல்லாம் பூமாலை தட்டிக்கழித்துவிட்டார். ஒரு வீட்டில் புளூடூத் பெட்டி வைத்திருந்தார்களாம். இன்னொரு வீட்டில் பாட்டே கேட்பதில்லையாம், அவர்களும் மனிதர்களா என்று கேட்டார்.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா உங்க குழாய் ஸ்பீக்கர் ரெண்டையும் காயலான் கடையில போட்டுட்டு நானே மாப்பிள்ளை பாத்துக்குறேன்," என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தாள் அம்சவள்ளி. சொன்னால் செய்கிறவள்.

நாராயணசாமி கரியாலூரில் சவுண்ட் சர்வீஸ் நடத்துபவர். வால்வு பைத்தியங்கள் கூடும் வாட்ஸ்அப் குரூப்பில் பழக்கம். கல்யாணப் பேச்சை இரண்டு பேரும் இரண்டே வரியில் முடித்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் வால்வைப் பற்றியே பேசினார்கள். அம்சவள்ளி மாப்பிள்ளை போட்டோ கேட்டதற்கு, பூமாலை ஆம்ப்ளிஃபயரின் போட்டோவைக் காட்டினார். ஜாதகம் கேட்டதற்கு, "அதுவும் பதினாறு ஓம், நம்ம குழாயும் பதினாறு ஓம். இதுக்கு மேல இன்னா பொருத்தம் வேணும்?" என்றார்.

அந்தக் குழாய் ஸ்பீக்கர்கள் வேனில் கூடவே வந்து, இப்போது கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. துளி கரண்டு கொடுத்தாலே ஊரைக் கூட்டும் ஜாதி. நாராயணசாமி ஒயரை மாட்டி ஸ்விட்சைப் போட்டார்.

"ஏங்க, மொதல்ல வந்த வேலைய..." என்று ஆரம்பித்தாள் அம்சவள்ளி.

"சும்மா இரு. வால்வு சூடாவுது."

வால்வு மெல்லச் சிவந்தது. ரெக்கார்டு சுழன்றதும் நாதஸ்வரம் பொங்கிக்கொண்டு வந்தது. வெளியே மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பூமாலைக்குக் கண் கலங்கிவிட்டது.

திடீரென்று கையைத் தூக்கினார். "நிறுத்துங்க! கிணுகிணுன்னு ஒரு சத்தம் வருது பாருங்க. வால்வு லூசா இருக்குது."

"வால்வு இல்லீங்க, காப்பி டம்ளரு," என்ற நாராயணசாமி உள்பக்கம் திரும்பினார். "கொஞ்ச நேரம் கழிச்சி எடுத்துக்கினு வாம்மா, டெஸ்ட்டிங் நடக்குதில்ல?"

அடுத்து பெரியது. முப்பது வாட்டு, நாலு வால்வு, கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. ஆனால் பாட்டு தொடங்கும் முன்பே குழாய்கள் இரண்டும் உர்ரென்று உறுமின.

"கேட்டீங்களா? சாதா ஸ்பீக்கர்ல இது வெளிய தெரியாது. நம்ம குழாய் சின்ன உறுமலக் கூட மைக் வெச்சி சொல்லிடும்," என்றார் பூமாலை. "வாட்டு கம்மின்னாலும் சின்னதுதாங்க நமக்கு."

"அதயே நான் சொல்லக் கூச்சப்பட்டுக்கினு இருந்தேங்க!"

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அம்சவள்ளிக்கும் அப்பாடா என்றிருந்தது. மனிதர் பைத்தியம்தான், ஆனால் பெண்ணுக்கு ஒரு வழி பிறந்துவிட்டதே. மாப்பிள்ளை எப்படி இருந்தால் என்ன, மாமனார் தங்கமாகத் தெரிகிறாரே.

"கல்யாணத்தன்னிக்கே இந்தக் குழாய் ரெண்டும் உங்க வூட்டுக்கு வந்துடும்," என்றார் பூமாலை.

"ஐய, நல்லா இருக்குதே! சீரு நாங்க இல்ல செய்யணும்? இந்த ஆம்ப்ளிஃபயர் உங்க வூட்டுக்கு வரும்."

பூமாலை அசந்துபோனார். சீர் நாங்கள் செய்கிறோம் என்று சொல்லும் சம்பந்தி இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும்? வால்வு கேட்கிறவன் மனசே தனி என்று மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, கொண்டுவந்த பூவையும் பழத்தையும் தட்டில் வைத்து எழுந்தார். அதற்காகவே காத்திருந்தவர்போல நாராயணசாமியும் ஒரு தட்டோடு எழுந்தார். நாதஸ்வரம் முழங்க, தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

"இப்ப எடுத்துக்கினு வாம்மா ஷாலினி!" என்று குரல் கொடுத்தார் நாராயணசாமி.

பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக ஒரு பெண் காப்பித் தட்டோடு வந்தாள். தட்டை வைத்துவிட்டு, அம்சவள்ளியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அம்சவள்ளி பூரித்துப்போய் அவள் கன்னத்தை வழித்தாள். "எவ்ளோ லட்சணமா இருக்குது! மாப்பிள்ளைக்குத் தங்கச்சிங்களா?"

நாராயணசாமி வாய்விட்டுச் சிரித்தார்.

"தங்கச்சியா? உங்க பையனுக்குப் பாத்த பொண்ணே இவதாங்க!"