பைலட் வேண்டாம்

“இடுப்பு வரைக்கும் அறுத்தாச்சு தம்பி. கால் ரெண்டும்தான் பாக்கி. பத்து நிமிஷத்துல ஆளை வெளியே எடுத்துடறேன்.”

பூதக்கண்ணாடி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசியதைக் கேட்டதும், காபியோடு வந்த மனைவி அவசரமாகக் கதவைச் சாத்தினாள். “மெதுவா பேசுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க காதுல விழுந்தா போலீஸோட வந்து நிப்பாங்க.”

மேசை மேல் முழங்கை நீளத்தில் ஒரு ரெசின் விமானம் இருந்தது. அதன் காக்பிட்டில் இருக்கையோடு ஒட்டி வார்க்கப்பட்டிருந்த கட்டைவிரல் உயர பைலட்டைத்தான் அவர் ஊசி ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். மாடல் விமானம் செய்பவர்களில் அவர் அளவுக்கு நுணுக்கம் பார்ப்பவர் கிடையாது. ‘பூதக்கண்ணாடி’ என்ற பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான்.

போனில் இருந்தவன்தான் இதற்கு ஆர்டர் கொடுத்தவன், ஒரு ஃப்ளையிங் கிளப்பின் மெக்கானிக். முப்பது வயது இருக்கும். முதல் நாள் வந்து உட்கார்ந்ததுமே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“எங்க பைலட் அண்ணன் சார். கூடப் பிறக்காத குறைதான். விமானத்தோட கடல்ல விழுந்துட்டாரு, உடம்புகூடக் கிடைக்கலை. அந்த விமானத்தை அச்சு அசலா செஞ்சு கொடுங்க. பைலட் மட்டும் வேண்டாம், சீட் காலியா இருக்கட்டும். அவங்க கையில நானே கொடுக்கணும்.”

“அவங்கன்னா?”

“அண்ணனோட வீட்டுக்காரங்க.”

“பத்து நாள் ஆகும் தம்பி.”

அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். “சரியா இருக்கும் சார். கிளப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க. எல்லாரும் நொந்து போயிருக்காங்க.”

அவன் போனதும் மனைவி கேட்டாள். “அண்ணன் அண்ணன்னு உருகுறான். அந்தம்மாவை ஒரு தடவைகூட அண்ணின்னு சொல்லலையே, கவனிச்சீங்களா?”

“உனக்கு எதையாவது நோண்டணும்.”

“நீங்க நோண்டுறதை விடவா?”

அவன் கொடுத்த பதினொரு படங்களையும் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். ஈயத்தாளை நறுக்கி சீட் பெல்ட் செய்தார். செம்புக் கம்பியை வளைத்து அதற்குக் கொக்கி போட்டார். கடுகளவு டயல்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு வார்னிஷ் விட, அது கண்ணாடி போல மின்னியது.

எஞ்சின் ஓடிய மணியைக் காட்டும் மீட்டருக்கு வந்தபோது மெக்கானிக்கைக் கூப்பிட்டார். “போட்டோவுல 4268 இருக்கு. அதையே எழுதட்டுமா?”

“வேண்டாம் சார், அது பழைய போட்டோ. அண்ணனோட கடைசி மணி 4312. அதைப் போடுங்க.”

“தேதி மாதிரி ஞாபகம் வச்சிருக்கீங்களே!”

“எங்க வேலையில தேதியெல்லாம் ஏது சார்? எல்லாத்துக்கும் ஆயுசு மணிக்கணக்குதான்.”

ஒற்றை மயிர் தூரிகையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு 4312 என்று எழுதினார்.

ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. இருக்கைக்குப் பக்கத்தில், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவதற்கென்று ஒரு சின்னச் சக்கரம். பதினொரு படத்திலும் பைலட்டின் கை அதை மூடிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலில் நுனி இல்லாத கை. அந்தக் கைக்கு அடியில் சக்கரம் என்ன நிறம்?

மெக்கானிக்கின் போன் முந்தின நாளிலிருந்தே அணைந்து கிடந்தது.

“கறுப்பை அடிச்சுக் கொடுங்க. எவன் பார்க்கப் போறான்?” என்றாள் மனைவி.

“நான் பார்ப்பேனே.”

படத்தின் மூலையில் கிளப்பின் பெயர்ப்பலகை தெரிந்தது. விழுந்த விமானம் போனாலும் அதே ரகத்தில் இன்னொன்று அங்கே இருக்காதா? மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இருந்தது. கொட்டகைக்கு வெளியே, அதே வெள்ளை, அதே மஞ்சள் பட்டை. கதவு திறந்திருக்க, உள்ளே நரைத்த தலையோடு ஒருவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் போலத் தயங்கித் தயங்கி, பூதக்கண்ணாடி விஷயத்தைச் சொன்னார். இந்த ரகத்தில் ஒரு மாடல், ஒரு சக்கரம், அதன் நிறம்.

உள்ளே இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். “இதுக்காகவா பஸ் ஏறி வந்தீங்க? என்னைவிடப் பெரிய பைத்தியமா இருப்பீங்க போலிருக்கே! நல்லா பார்த்துக்கங்க.” சக்கரத்தின் மேலிருந்த கையை எடுத்தார்.

நீலம். பூதக்கண்ணாடிக்கு வந்த நிம்மதிப் பெருமூச்சு பாதியிலேயே நின்றது.

எடுத்த கையில், ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை.

பூதக்கண்ணாடியின் பார்வை தானாக மீட்டருக்குப் போனது. 4311.

“உங்க... உங்க மெக்கானிக் எங்கே?”

“நம்ம தம்பியைத் தெரியுமா? இன்னிக்கு லீவு. நேத்தே எஞ்சினைப் பிரிச்சுப் பூட்டி, ‘தாராளமா போங்கண்ணே’ன்னு சொல்லிட்டுப் போனான்.”

பூதக்கண்ணாடி இரண்டு கையாலும் விமானத்தின் கதவை இறுகப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்தவர் சிரித்தபடியே சாவியை நோக்கிக் கையை நீட்டினார்.

“கதவை விடுங்க சார். ஒரே ஒரு மணி நேரம், வந்துடறேன்.”