ஐம்பத்துநாலு கிலோ

"மறுபடியும் அதே ஐம்பத்துநாலு கிலோ கூடுது!" என்று, பறக்க அனுமதி தர வந்திருந்த விமான இன்ஸ்பெக்டர் மேடம் பேனாவை மூடினார்.

கொட்டகை நடுவில் அந்தப் பழைய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம் மூன்று தராசுகளின் மேல் நின்றது. சக்கரங்களுக்கு இரண்டு, வாலுக்கு ஒன்று. மரச்சட்டம், அதன்மேல் இழுத்துத் தைத்த துணி, முன்னும் பின்னுமாகத் திறந்த இரண்டு சீட்டு. எடை ஒளிந்துகொள்ள அதில் இடமே கிடையாது.

விமானி தலையைப் பிய்த்துக்கொண்டார். "பெட்ரோல வடிச்சாச்சு, ஆயில வடிச்சாச்சு, மெத்தையக்கூட எடுத்தாச்சு. இன்னும் என்னத்த மாப்ள கழட்டுறது?"

"தராசுல தப்பு இருக்குமோ மச்சான்?" என்றார் மெக்கானிக்.

"காலையில நீங்கதானே ஏறி நின்னு பாத்தீங்க? உங்க அறுபத்தெட்டு கிலோவ அச்சு பிசகாம காட்டுச்சே!" என்று மேடம் வாயை அடைத்தார். பிறகு மூன்று தராசுகளையும் வைத்துக் கணக்குப் போட்டார். "கூடுதல் எடை முன் சீட்டுல இருக்கு. ஆள் ஏறி உக்காந்த மாதிரி."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆண்கள் இருவரும் சிரிக்கவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் அந்த முன் சீட்டில் உட்கார்ந்து போனவள் விமானியின் தங்கை, மெக்கானிக்கின் மனைவி. விமானம் வானத்தில் கரணம் போட்டுத் தலைகீழானபோது விழுந்துவிட்டாள். பின் சீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தது அண்ணன். பெல்ட் அறுந்திருக்கவில்லை. நாலு பட்டைகளையும் சேர்த்துப் பூட்டும் சின்னப் பின்னை மட்டும் காணவில்லை. அவளே உருவிப் போட்டுவிட்டாள் என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். 'என்ன குறைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?' என்று அண்ணன் புலம்பாத நாளில்லை.

அவள் எடை எவ்வளவு என்பது இருவருக்கும் தெரியும்.

"அஞ்சு மணிக்குக் கெளம்பிடுவேன். எடை சரியாகலேன்னா கையெழுத்து கெடையாது. மியூசியத்துல தொங்கவிட வேண்டியதுதான்" என்றார் மேடம்.

விமானி மெக்கானிக்கின் காதோடு கெஞ்சினார். "மாப்ள, அஞ்சு வருஷம் உயிரக் குடுத்து இதத் திருப்பிக் கட்டியிருக்கேன். அவ ஆசப்பட்ட பிளேன். ஒரே ஒரு தடவ மேல கொண்டுபோயிட்டா என் மனசு ஆறிடும். நீ சொன்னா அவ கேப்பா. சொல்லிப் பாரேன்."

மெக்கானிக் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது அவர் பழக்கம். பிறகு பக்கத்தில் ஏணியைப் போட்டு ஏறினார்.

பின் சீட்டில் பேசுவது முன் சீட்டுக் காதில் விழ ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதன் புனலை வாயருகே வைத்தார்.

"போதும்மா, எறங்கிடு. என்கூட வீட்டுக்கு வா."

முன் சீட்டில் பூட்டியிருந்த பட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழும் சத்தம் கேட்டது. தராசு முட்கள் ஆடி, மெல்லக் கீழே இறங்கின.

"சரியா வந்துடுச்சு!" மேடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். விமானி குழந்தை மாதிரி அழுதார்.

மெக்கானிக் இறங்கியபோது ஏணிப்படி கிறீச்சிட்டது.

"எனக்கு இப்ப தராசு மேலதான் சந்தேகம்" என்றார் மேடம். விமானத்தைத் தள்ளி நிறுத்தினார்கள். "காலையில மாதிரி ஒரு தடவ ஏறி நில்லுங்க. பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

மெக்கானிக் ஏறி நின்றார். முள் அறுபத்தெட்டைத் தாண்டி ஓடி, நூற்று இருபத்திரண்டில் போய் நின்றது.

"இதென்ன கூத்து!" என்றார் மேடம்.

மெக்கானிக் அன்று பெல்ட்டில் மாட்ட மறந்து, பதினோரு வருடமாகச் சட்டைக்குச் சட்டை மாற்றி ஒளித்து வைத்திருந்த அந்தச் சின்னப் பின்னை, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து நீண்ட சில்லிட்ட விரல்கள் பையிலிருந்து மெல்ல வெளியே எடுத்துக்கொண்டிருந்தன.